சித்தூரிலிருந்து திருப்பதி எவ்வளவு தூரம்?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலான விமானப் பயண நேரத்தைத் தூரக் கணிப்பான்கள் தயக்கமின்றிச் சொல்லிவிடுகின்றன. சித்தூரில் விமான நிலையமே இல்லை என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. சித்தூர் நகரிலிருந்து ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 66 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு நிமிடம். ஆனால் விமானம் அவ்வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்கியாக வேண்டும். சித்தூருக்குத் தெற்கே வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் உண்டு. அங்கிருந்து கணக்கிட்டாலும் 95 கிலோமீட்டரே வரும்.

வரலாற்று மாணவருக்கு இந்த நேர்கோடு பயன்படாது என்பது மட்டுமன்று, அது வழிதவறவும் வைக்கும். இவ்விரு ஊர்களுக்கு இடையிலான தூரத்தை நீண்டகாலம் நிர்ணயித்தது ஆட்சி நிர்வாகம். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம். திருப்பதி அம்மாவட்டத்தின் சந்திரகிரி வட்டத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் திருமலைக் கோயிலின் வரவு செலவு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்தது. 1843-இல் கம்பெனி அப்பொறுப்பிலிருந்து விலகியபின் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் கோயிலை நிருவகித்தனர். 1933 வரை அந்நிலை நீடித்தது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதித் திருமலையை ஆராய்பவர் திருப்பதி என்ற தலைப்பில் மட்டும் ஆவணம் தேடினால் பாதி கிடைக்காது. வட ஆர்க்காட்டு வருவாய்த்துறைக் கோப்புகளுக்குள் புக வேண்டும். எத்தனை ஆய்வேடுகள் இந்தப் படியைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன!

இருப்புப்பாதை வேறொரு தூரத்தை உண்டாக்கியது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை 1891-இல் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா வழியே கூடூர் வரை திறக்கப்பட்டது. ரேணிகுண்டாவை அதற்கு முன்பே சென்னை ரயில்வேயின் அகலப்பாதை தொட்டிருந்தது. சென்னையிலிருந்து வரும் யாத்திரிகர் அகலப்பாதையில் ரேணிகுண்டா வந்து வண்டி மாறலாம். தெற்கே விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வருபவருக்கோ சித்தூரே வழி. மலைமேல் வண்டி செல்லும் பாதை 1944-இல்தான் வந்தது. அதுவரை பயணத்தின் கடினமான பகுதி அடிவாரத்திலேயே தொடங்கியது. அதற்கு எந்தக் கணிப்பானும் கணக்குச் சொல்லாது.

1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது; வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போயிற்று. திருப்பதி சித்தூரின் கீழேயே தொடர்ந்தது. 1960-இல் படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் இவ்விரு ஊர்களின் உறவு மாறவில்லை. கோயில், பல்கலைக்கழகம், விமான நிலையம் எனத் திருப்பதி வளர வளர, மாவட்ட அலுவலகத்துக்காக 70 கிலோமீட்டர் தென்மேற்கே செல்வது அவ்வூராருக்குப் பொருந்தாத ஏற்பாடாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 2015 அக்டோபரில் ரேணிகுண்டாவில் புதிய முனையம் திறக்கப்பட்டபோதும் அது சித்தூர் மாவட்டத்து விமான நிலையமே. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானதும் அதுவும் சித்தூரின் கையைவிட்டுப் போனது.

எஞ்சியிருப்பது பழைய ரயில் தடம். திருப்பதி–பாகாலா–காட்பாடி இடையிலான 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை இரட்டிப்பாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்துள்ளது.