ஆயா சொன்ன மொகலி

வெதுருகுப்பத்தில் என் ஆயா காளாஸ்திரி ஆற்றை ஒருநாளும் ‘சுவர்ணமுகி’ என்று சொன்னதில்லை. சிவராத்திரிக்குக் காளாஸ்திரி கிளம்பும்போது, “மொகலியில ஒரு முழுக்கு போட்டுட்டு வரணும்” என்பார். மாசியில் அந்த ஆற்றில் முழுக்குப் போடத் தண்ணீர் ஏது? மணலைக் கையால் பறிப்பார். ஊறிவரும் கலங்கல் நீரைக் கொட்டாங்குச்சியால் இரண்டு தரம் இறைத்துக் கொட்டுவார். தெளிந்த பிறகு மொண்டு எங்கள் தலையில் ஊற்றுவார்.

ஆயாவின் கொச்சை அது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். காளாஸ்திரியின் மேல் சம்பந்தர் பாடிய திருக்காளத்திப் பதிகத்தைப் படித்தபோதுதான் என் அறியாமை புரிந்தது. 7-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெயரும் முகலிதான். சந்தனமும் அகிலும் தேக்கும் உருண்டு வரும் பெருவெள்ளமாக அந்த ஆற்றைக் காட்டுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பொன்முகலி என்கிறார். பின்னாளில் கண்ணப்பர் ஆன திண்ணனார் வேட்டையாடிக் களைத்துத் தண்ணீர் எங்கே என்று கேட்க, உடன்வந்த நாணன் வழி சொல்கிறான்: அதோ அந்த நெடிய தேக்கைத் தாண்டினால், குன்றுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சம்பந்தர் பாடிய தேக்கு இங்கேயும் நிற்கிறது! இந்த ஆற்று நீரைத்தான் கண்ணப்பர் வாயில் முகந்துபோய் இறைவனை நீராட்டினார்.

தெலுங்கர் வாயில் இது மொகலேரு. ஏரு என்றால் ஆறு. முகலி, மொகலி, மொகலேரு எல்லாம் ஒரே வேர். பொன்னை ‘சுவர்ண’ என்றும் முகலியை ‘முகி’ என்றும் ஆக்கியது பின்னால் வந்த வடமொழி ஒப்பனை என்பதே என் முடிபு. ஆயாவின் பேச்சில் இருந்ததுதான் பழைய பெயர்.

பெயர்கள் மட்டுமல்ல, எல்லைகளும் மாறின. 1960-இல் தமிழ்நாடு–ஆந்திர எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. காளத்தி ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் அது திருப்பதி மாவட்டத்துக்குப் போக, எங்கள் ஊர் சித்தூரிலேயே இருக்கிறது.

மொகலி ஆற்றை ஒட்டிய இன்னொரு பழைய பெயரும் உண்டு. காளத்திக்கு அருகிலுள்ள தொண்டமநாடு, கல்வெட்டில் தொண்டைமானாற்றூர். முதலாம் ஆதித்த சோழன் மறைந்தது அங்கேதான். ‘தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்’ என்றே பிறகு அவனைக் குறித்தார்கள். மகன் முதலாம் பராந்தகன் அங்கே அவனுக்கு எழுப்பிய நினைவுக் கோயிலான பள்ளிப்படைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)