காசு கொடுத்து வாங்கிய பழைய உடுப்பு

எமது பிரித்தானியக் கிளையின் ஒன்றுகூடல்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது விசாரிக்க, தேவாலயத்துக் கடையில் தொண்டர்களாக நிற்கிறோம் என்று எம்மில் நாலைந்து பேர் சொல்வோம். கேட்டவர் உடனே குரலைத் தாழ்த்தி, "பழைய உடுப்பு விக்கிற கடையோ?" என்பார். அடுத்து வருவது இன்னும் கூர்மையானது: "சும்மா வந்த சாமானைச் சும்மா குடுக்கிறதுதானே, ஏன் விக்கிறியள்?"

முதற் கேள்விக்குச் சிரித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாறே விடையாக இருக்கிறது. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது அதையே எழுதத் துணிந்தோம்.

கதை அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்குகிறது. அந்நகரின் தென்பகுதியில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வறிய வட்டாரத்தில் ஹென்றி மோர்கன் என்ற போதகரின் தேவாலயம் இருந்தது. அவர் இறக்கும்போது அதனை யூனிற்றேரியன் சபையாரிடம் ஒப்படைத்து, அங்கு ஊழியம் செய்பவர் மட்டும் மெதடிஸ்தராக இருக்கவேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். (சொந்தச் சபையார் அவருடன் அவ்வளவு ஒத்துப்போகவில்லைப் போலும்.) 1895இல் அந்தப் பதவிக்கு வந்தவர் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற இளம் மெதடிஸ்த போதகர். 1893இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்கள் இன்னும் வீதியில் நின்ற காலம் அது.

ஹெல்ம்ஸ் சாக்குப் பைகளுடன் நகரின் செல்வந்தர் வீடுகளுக்குப் போய்ப் பழைய உடுப்பு, சப்பாத்து, தளபாடம் எல்லாம் வாங்கிவந்தார். முதலில் அவற்றை இலவசமாகவே கொடுத்தார் என்றும், அது தள்ளுமுள்ளில் முடிந்தது என்றும் அவர் தொடங்கிய நிறுவனத்தில் இன்றும் சொல்லிவருகிறார்கள். இலவசமாக வாங்க வெட்கப்பட்டவர்கள் வராமலேயே இருந்துவிட்டார்கள். அப்போதுதான் அவர் முறையை மாற்றினார். கிழிந்ததைத் தைப்பதற்கும் உடைந்ததைத் திருத்துவதற்கும் வேலையற்றவர்களையே அமர்த்திக் கூலி கொடுத்தார். திருத்திய பொருள்களை அவர்களின் அயலவர்களுக்கே குறைந்த விலையில் விற்று, அந்தப் பணத்தில் கூலியைக் கட்டினார். தைத்தவளுக்குச் சம்பளம் கிடைத்தது. வாங்கியவளோ வாடிக்கையாளராக உள்ளே வந்து, நாலு சட்டையைப் புரட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம். 1902 என்ற ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் 'குட்வில்' நிறுவனம் இப்படி ஒரு தேவாலயத்தின் உள்ளே பிறந்தது. பெயர் பின்னர் புரூக்ளினில் இயங்கிய பட்டறை ஒன்றிலிருந்து வந்தது.

இதே பொஸ்டன் எமக்குப் புதிய ஊர் அல்ல. 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனை அனுப்பிய சபையின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் அங்கு உணவும் உடையும் கல்வியும் இலவசம். கலியாணத்தின்போது சிறு சீதனமும் மிஷனே கொடுத்தது. அந்தக் கொடை இல்லாவிட்டால் எமது பாட்டிமார் எழுத்தறிந்திருப்பார்களா என்பது ஐயமே. ஆனால் அக்காலத்து மிஷன் விடுதிகளில், செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆறுமுகம் சதாசிவம்பிள்ளையை ஜே. ஆர். ஆர்னல்ட் என்று நாம் அறிவது அவ்வழக்கத்தினால்தான். அறிஞராகித் தம் இரண்டு பெயரையும் நிலைநாட்ட அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. விடுதியில் படித்த எத்தனையோ பெண்பிள்ளைகளின் வீட்டுப்பெயர் என்னவாயிற்று?

மிஷனரிமாரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. இலவசமாக வருவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான். எம் தலைமுறைக்கும் அது தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது எம்மில் பலர் பாடசாலைப் பிள்ளைகள். நிவாரணமாகக் கிடைத்த சட்டைகளை வரிசையில் நின்று வாங்கினோம். அளவு பார்க்க இடமில்லை, நிறம் சொல்ல வாயில்லை. எம்மில் ஒருத்திக்குக் கிடைத்த சட்டையின் கழுத்துப்பட்டியில் யாரோ ஓர் ஆங்கிலப் பிள்ளையின் பெயர் நாடாவில் தைத்திருந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. பிரித்தால் துணி கிழிந்துவிடும் என்ற பயம். 2004 சுனாமிக்குப் பின்னர் எமது கரைகளில் குவிந்த உடுப்புப் பொதிகளுக்குள் கம்பளிக் குளிர்ச்சட்டைகளும் குதியுயர்ந்த சப்பாத்துகளும் கிடந்ததைக் கண்டவர்களும் எம்மிடையே உண்டு. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். என்ன வேண்டும் என்று வாங்குபவரிடம் கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

இங்கிலாந்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1942 ஒக்ரோபரில் ஒக்ஸ்போட் புனித மரியாள் தேவாலயத்தில் சிலர் கூடி, போர்முற்றுகையால் பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்காக ஒரு குழு அமைத்தனர். தேவாலயத்தின் குருவான மில்போர்ட் அவர்களில் ஒருவர். அதுவே ஒக்ஸ்பாம். போர் முடிந்தபின் புரோட் வீதியில் அது திறந்த கடை, இந்நாட்டின் அறக்கொடைக் கடைகளுக்கு முன்மாதிரியாயிற்று. இன்று பெருந்தெருவில் அத்தகைய கடை இல்லாத நகரம் அரிது. அறநிறுவனம் என்பதால் இங்கிலாந்தில் கடை வரியில் நூற்றுக்கு 80 பங்கு தள்ளுபடி. பக்கத்துக் கடைக்காரருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, அது முற்றிலும் நியாயமற்றதும் அல்ல. பெரிய நிறுவனங்களின் கடைகளில் இப்போது விலையும் ஏறிவிட்டது. நல்ல பொருளைப் பிரித்தெடுத்து இணையத்தில் விற்கிறார்கள். அயலில் உள்ள ஏழைக்காகத் தொடங்கியது அந்த ஏழைக்கே எட்டாமற் போகிறது என்பது எமது கருத்து. தேவாலயங்களின் சிறு கடைகள் இதில் இன்னும் பிந்திநிற்கின்றன; அந்தப் பிந்துதல் நல்லதே.

எமது கடையில் வேலையில் பாதி பின்னறையில் நடக்கிறது. பைகளைக் கொட்டி, கறையும் கிழிசலும் பார்த்துப் பிரிக்கவேண்டும். சோதிக்காத மின்சாதனம் விற்கமுடியாது. தீப்பாதுகாப்புச் சீட்டு இல்லாத மெத்தைக் கதிரையும் எடுக்கமாட்டோம். விற்கமுடியாத துணி நிறைகணக்கில் கந்தல் வியாபாரிக்குப் போகிறது. ஒருமுறை பட்டுச்சீலை ஒன்று வந்தது. ஆறு பவுண் போட்டுக் கண்ணாடியில் தொங்கவிட்டோம். ஒரு வெள்ளைக்கார அம்மா யன்னல் சீலைக்கு நல்லது என்று வாங்கிப்போனார்!

சென்ற குளிர்காலத்தில், வந்து அதிக நாளாகாத எம்மூர்ப் பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்தாள். அகதி விண்ணப்பம் முடிவாகாததால் வேலை செய்ய அனுமதியில்லை. மகனுக்கென்று நீலக் குளிர்ச்சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், பிறகு மண்ணிற மொன்றை எடுத்தாள், திரும்பவும் நீலத்துக்கே வந்தாள். விலை மூன்று பவுண். "காசை விடு பிள்ளை, கொண்டு போ" என்று எம்மில் ஒருத்தி தமிழில் சொல்லிவிட்டாள்.

அவளுடைய முகம் மாறிவிட்டது. "இல்லை அக்கா, காசை எடுங்கோ" என்று சில்லறையை மேசையில் எண்ணி வைத்தாள். மூன்று பவுணும் சரியாக இருந்தது. பிறகு மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் தனக்கும் துண்டு தரும்படி கேட்டாள். அடித்துக் கொடுத்தோம். அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அளவு சரிவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று விசாரித்தாள்.