சாப்பாட்டறைச் சுவரும் சாதிலிங்கமும்

பர்கண்டி நிறம் அடிச்ச சாப்பாட்டறைக்குத் துணையா வேற எந்த நிறம் சேர்க்கலாம்? நான் படிக்கிற இங்கிலாந்துல வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் சலிக்காமல் கேட்கிற கேள்வி இது. கிரீம் அடி, சாம்பல் அடி, தங்கக் கோடு போடுன்னு ஆளுக்கொரு பதில். ஆனா இது ரெண்டாயிரம் வருஷத்துக் கேள்வி மக்களே! ரோமானியர்கள் விடையைச் சுவரிலேயே விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த விடையில் ரசனையோடு புகையும் காசும் கலந்து கிடக்கு.

முதல்ல புகை. விட்ருவியஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர், கி.மு. முதல் நூற்றாண்டு ஆள். குளிர்காலச் சாப்பாட்டறையில் நுணுக்கமான ஓவியமே வேண்டாம், நெருப்பும் விளக்கும் கக்குற கரி கெடுத்துடும் என்கிறார். கருப்புப் பட்டைகளைப் பளபளன்னு தேய்ச்சு, இடையிடையே மஞ்சள் காவியோ சிவப்போ வைக்கணுமாம். சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பொம்பெயில் 15 மீட்டர் நீளத்துக்கு ஒரு விருந்துக்கூடம் கிடைச்சதா 2024-ல் அறிவிச்சாங்க. சுவரெல்லாம் கருப்பு. விளக்குக் கரி தெரியாம இருக்கத்தான் அப்படின்னு அங்குள்ள அகழாய்வுத் தலைவர் விளக்கம் சொன்னார்.

அடுத்தது காசு. அதே ஊரில் வெட்டியி வீடு. உரிமையாளர்கள் அடிமைகளா இருந்து விடுதலையாகிப் பணக்காரர் ஆனவங்கன்னு கருதப்படுது. அவங்க விருந்துக்கூடத்தில் பெரிய பெரிய சிவப்புக் கட்டங்கள், நடுவில் கருப்புப் பட்டைகள், கீழே கருப்புப் பின்னணியில் குட்டி மன்மதர்கள் நகை செய்யறாங்க, ஒயின் விக்கறாங்க. சிவப்புக்குத் துணை கருப்பு. விருந்தாளிக்கு விஷயம் புரிஞ்சிருக்கும் :-)

ஏன்னா சிவப்பிலும் சாதி உண்டு. காவி மண் மலிவு. உசத்திச் சிவப்பு என்பது சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம்னு சொல்றோமே, அந்தப் பாதரசக் கனிமம். ஸ்பெயின் சுரங்கத்திலிருந்து முத்திரை வச்சு ரோமுக்கு வரும். ஒரு ராத்தல், அதாவது சுமார் 330 கிராம், 70 செஸ்டர்சுக்கு மேல் விற்கக்கூடாதுன்னு சட்டமே இருந்ததா பிளினி எழுதறார். அப்போ ஒரு படைவீரனுக்கு வருஷச் சம்பளமே 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம்!

அதனால இந்தச் சாயத்தை வீட்டுக்காரர்தான் வாங்கித் தரணும். பெயிண்டர்கள் என்ன பண்ணுவாங்களாம் தெரியுமா? பிரஷ்ஷை அடிக்கடி தண்ணியில் கழுவுவாங்களாம். கனமான சாயம் அடியில் தங்கிடும், அது அவங்க பங்கு! அரைக்கிற தொழிலாளிகளோ விஷத்தூளை மூச்சில் இழுக்காம இருக்க, மிருகத்தின் நீர்ப்பையை முகத்தில் கட்டிக்கிட்டு வேலை செஞ்சாங்க. இதையும் பிளினிதான் சொல்றார். பளபளக்கிற சிவப்புக்குப் பின்னால் இருந்த முகங்கள் அவை.

இவ்வளவு கொட்டியும் வெயில் பட்டா சாதிலிங்கம் கருத்துடும். ஃபேபெரியஸ் என்ற எழுத்தர் தன் வீட்டு முற்றத்துச் சுவரெல்லாம் இதைப் பூசி, 30 நாளில் அசிங்கமாகி, வேற நிறத்துக்குப் புதுசா கான்ட்ராக்ட் விட்டாராம். மூடின அறையில்தான் இந்தச் சிவப்பு நிலைக்கும்.

கடைசியா ஒரு வேடிக்கை. பொம்பெய் தோண்ட ஆரம்பிச்ச 1748-க்கு அப்புறம் ஐரோப்பாவே 'பொம்பெய்ச் சிவப்பு' மேல் பைத்தியமாகி வீட்டுச் சுவர்களில் பூசிக்கிச்சு. ஆனா மஞ்சள் காவியைச் சுட்டா சிவப்பாயிடும். கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடிச்சபோது அதுதான் நடந்திருக்கு. 2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தாங்க. இப்போ சிவப்பாத் தெரியற சுவர்கள் 246, மஞ்சள் 57. வெடிப்புக்கு முன்னால் சிவப்பு 165, மஞ்சள் 138 ஆம்!

ஆக, நாம பார்க்கிறதை விட அந்த ஊரில் சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறையவே இருந்திருக்கு. உங்க வீட்டில் பர்கண்டிச் சுவர் இருந்தா, ஷேட் கார்டை அப்புறம் புரட்டலாம். ராத்திரி சாப்பிடற நேரத்துக்கு விளக்கைப் போட்டு முதல்ல சுவரைப் பாருங்க. சிவப்பு மங்கித் தெரிஞ்சா மஞ்சள் காவி, கண்ணைப் பறிச்சா கருப்புப் பட்டை. ரெண்டுமே விட்ருவியஸ் சொன்னதுதான்.