மின்தடைவழி அரிமானம் அறிதல்

உலோகம் அரிபட்டு மெலிய மெலிய அதன் மின்தடை ஏறும். அந்த ஏற்றத்தை அளந்து, எவ்வளவு உலோகம் போயிற்று என்று கணக்கிடும் முறை இது.

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையில், மரத்தோணிகளின் காலத்தில் இரும்பின் வேலை குறைவு. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. 1979இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தூண்களும் குழாய்களும் கான்கிரீட்டுக்குள் கம்பிகளுமாக இரும்பு உப்புக்காற்றின் நடுவே வந்து நின்றது. 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமான ஆய்வுக்காக மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடற்கரை மையங்களை வைத்திருப்பது இந்தக் கரையின் கடுமையை அறிந்துதான்.

நிறுத்துப் பார்த்த தகட்டைக் கடலில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, துருவை நீக்கி மறுபடி நிறுப்பது பழைய வழி. நம்பகமானது, ஆனால் சராசரியை மட்டுமே தரும். எந்த வாரத்தில் அரிப்பு முற்றியது என்று சொல்லாது. 1954இல் டிராவ்னீக்ஸ், கட்டால்டி என்ற ஆய்வாளர்கள் துருவை அகற்றாமலே சிறு இழப்பையும் மின்தடையால் அளக்கும் வழியை வெளியிட்டனர். நீரோ மின்கரைசலோ தேவையில்லை. காற்று, எண்ணெய், மண் எதிலும் அளக்கலாம். கடற்கரைக்கு இதுவே இதன் பெரிய பலம்.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டை ஒரு பக்கமாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அரிபட்டால், ஒரு நாளில் தடை ஏறுவது 0.05 சதவீதத்தை ஒட்டியே. வெப்பம் ஒரு டிகிரி கூடினாலோ அதே தடை 0.4 சதவீதத்துக்குமேல் ஏறிவிடும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பல வாரத் துரு ஏறியதுபோல் கருவி காட்டும்! அதனால்தான் அதே உலோகத்தில் இன்னொரு பட்டையைப் பூச்சிட்டு அரிபடாமல் காத்து, பக்கத்திலேயே வைத்து, இரண்டின் தடை விகிதத்தைப் பார்க்கிறார்கள். வெப்பம் இரண்டையும் சமமாகத் தொடும். அரிப்பு ஒன்றை மட்டுமே தொடும். முறையின் உயிர் இந்த இரண்டாவது பட்டைதான்.

கான்கிரீட்டில் அளப்பது வேறு தடை. மண்ணின் மின்தடையை அறிய 1915இல் வென்னர் வகுத்த நான்குமுனை முறையைப் பரப்பில் வைத்து, கான்கிரீட்டின் தடையையே பார்க்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ்: தடை குறைந்தால்தான் ஆபத்து. ஈரமும் குளோரைடும் புகுந்து, கம்பியை அரிக்கும் மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள்.

பட்டைமுறை எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஊசித்துளையாக இறங்கும் குழியரிப்பு குழாயையே ஓட்டையாக்கும், தடையோ சிறிதுதான் ஏறும். ஆக்சிஜன் இல்லாத துறைமுகச் சேற்றில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இரும்பு சல்ஃபைடு தானே மின்சாரம் கடத்துவதால், இழப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அங்கே தகட்டை எடுத்து நிறுத்துப் பார்ப்பதை இன்னும் விட்டுவிட முடியாது.