மத்திகிரிக்காரர்களின் லால்பாக்

ஓசூரை அடுத்த மத்திகிரி என்றால் 1824-இல் படைக்குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை நினைவுக்கு வரும். பூப் பார்க்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரு லால்பாக்குக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

இந்த உறவு பழையது. 1760-இல் ஹைதர் அலி அந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். 1799 வரை ஓசூரும் மைசூர் ஆட்சியின் கீழ்தான் இருந்தது. திப்பு சுல்தான் வெளிநாட்டுச் செடிகளைத் தருவித்தார். தோட்டத்திலுள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் பெங்களூருவின் வசந்தத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய பெயர் க்ரும்பீகல். டிரெஸ்டன் பக்கம் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, 1908-இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்தவர். ஒரு மரம் ஓயும்போது அடுத்தது பூக்கும்படி, பருவம் பார்த்துச் சாலை மரங்களைத் தேர்ந்தெடுத்தார். எத்தனை அழகான நகரத் திட்டம்!

பிப்ரவரி, மார்ச்சில் போனால் அது புரியும். தபேபுயா மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். புனல் போன்ற பூ. இதழ் ஓரம் கசங்கிய பட்டுத்துணி மாதிரி சுருங்கியிருக்கும், தொண்டைக்குள் மஞ்சள். ஜகரண்டா அடியில் தரையே ஊதாவாகிவிடும்.

அதே பிப்ரவரியில் ஓசூர்ப் பசுமைக்குடில்களில் காதலர் தின ஏற்றுமதிக்கு ‘தாஜ்மகால்’ ரக ரோஜாக்களை வெட்டி அடுக்குகிறார்கள்.