புகையிரதக் கந்தோரிலிருந்து பலிபீடத்துக்கு



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து அனைவரும் குளிரங்கிகளை அணிந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஃபாதர், மகன் வேலையை விட்டிட்டுக் குருமடத்துக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான். இதுக்கே நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு இஞ்ச வந்தனாங்கள்?" என்று கேட்டார். கோவில் வாசலில் நின்று சொல்லிவிடக்கூடிய மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. அவருடைய அனுமதியுடன், உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1875ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சைவக் குடும்பமொன்றில் வைத்திலிங்கம் என்னும் குழந்தை பிறந்தது. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தது. பின்னர் தாய், அச்சுவேலியில் அச்சுக்கூடம் நடத்திவந்த தம்பிமுத்துப்பிள்ளை என்னும் கத்தோலிக்கரை மணந்தார். சிறுவன் திருமுழுக்குப் பெற்று ஞானப்பிரகாசம் ஆனான். இறைவன் அவனை அழைக்கத் தேர்ந்துகொண்ட வழியைக் கவனியுங்கள்: கைம்பெண்ணாகிய ஒரு தாயின் மறுமணம், பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்ற ஒருவரின் இல்லம், அந்த இல்லத்தோடு இணைந்த அச்சுத் தொழில்.

வாலிபனாகியதும் அவருக்குப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் பதவி கிடைத்தது. பிரித்தானியர் ஆண்ட அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அரசாங்க உத்தியோகம் என்றால் மாதச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், ஊரில் மதிப்பு, கல்யாணச் சந்தையில் ஏற்றம் எல்லாம் அதில் அடங்கும். இன்று நாம் நம் பிள்ளைகளுக்காக எதைக் கனவு காண்கிறோமோ, அதுவே அன்று அந்தப் பதவி. 1895இல், இருபது வயதளவில், அவர் அதைத் துறந்து குருமடம் புகுந்தார். 1901 டிசம்பரில் அமலமரித் தியாகிகள் சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அந்தச் சபையின் கதையில் நாம் வாழும் மொன்றியலுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரான்சில் புனித யூஜின் டி மசெனோட் 1816இல் தொடங்கிய அச்சிறு குழுவை நாடி, 1841இல் மொன்றியல் ஆயர் இன்யாஸ் பூர்ஜே மார்செய் நகருக்குச் சென்றார். தம் மக்களுக்குக் குருக்கள் வேண்டுமென்று கேட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அச்சபையினர் இங்கு வந்து சேர்ந்தனர். ஆறு ஆண்டுகளின் பின், 1847இல், அதே சபையார் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். விசித்தசியோன் வீதியில் அவர்கள் எழுப்பிய புனித பேதுரு ஆலயத்தைக் கடக்கும்போது எண்ணிப் பாருங்கள்: குருக்கள் இல்லையே என்று ஏங்கிய இந்நகருக்கும் நம் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே வீட்டிலிருந்தே ஆட்கள் வந்தார்கள்.

மகன் குருவானால் நம்மைவிட்டுப் போய்விடுவான் என்பதே அந்தத் தாயின் அச்சம். ஞானப்பிரகாசர் எங்கே போனார்? 1904 முதல் நல்லூரில் பணிசெய்தார். ஆறுமுக நாவலர் பிறந்த மண்ணில், சைவத்தின் நடுவில், "நல்லூர் சுவாமி" என்று பெயர் பெற்றார். சைவ அறிஞர்களோடு எழுத்தில் வாதாடினார். ஆயினும் சைவ சித்தாந்தத்தை ஊன்றிக் கற்றே வாதாடினார். பல மொழிகளைப் பயின்றார். 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' வெளிவந்தது. தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடும் 'சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி' 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவரலாயிற்று. 1947 ஜனவரியில் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறவில்லை. புகையிரதக் கந்தோர் ஓர் எழுதுவினைஞரை இழந்தது; தமிழினம் தன் வரலாற்றையும் சொல்லையும் ஆராய்ந்த ஒருவரைப் பெற்றது.

என் தந்தையும் நான் ஒரு வங்கி உத்தியோகத்தராக வேண்டுமென்றே விரும்பினார். குருமடத்துக்குப் புறப்பட்ட அன்று அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் என் பெட்டியைத் தாமே பேருந்து நிலையம்வரை சுமந்து வந்தார். அந்த மௌனத்தில் கோபமும் ஆசீரும் சேர்ந்தே இருந்தன என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்று, பலியாடை அணியும் வேளையில் சில நாட்களில் அந்தப் பெட்டி நினைவுக்கு வரும்.

ஆகவே, அன்புத் தாயே, மகனைத் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தடுக்கவேண்டாம் என்றே கேட்கிறேன். குருமடத்துக்குள் நுழைந்த அன்றே எவரும் குருவாகிவிடுவதில்லை. ஞானப்பிரகாசருக்கும் ஆறு ஆண்டுகள் பிடித்தன. அழைப்பு மெய்யானதா என்று அவனும் திருச்சபையும் சேர்ந்து ஆராயும் காலம் அது. திரும்பி வந்தாலும் அது தோல்வி ஆகாது. அப்போதும் அவனுக்கு உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அவன் போகுமுன் அவனோடு தமிழில் நிறையப் பேசுங்கள். நாளை நம் முதியவர் ஒருவர் மொன்றியல் மருத்துவமனையொன்றில் இறுதி வேளையில் கிடக்கும்போது, அவர் பாவசங்கீர்த்தனம் செய்வது பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இராது. அதைக் கேட்க ஒரு குரு வேண்டும். அவர் நம் வீடுகளில் ஒன்றிலிருந்துதான் வரவேண்டும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

செபத்தில் உங்களை நினைக்கும்,
உங்கள் பங்குத்தந்தை