வானொலி வளர்த்த உடற்பயிற்சி

உடற்பயிற்சியைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து செய்வதுதான் அரிது. புத்தாண்டில் உறுதி எடுத்துக்கொண்டு, தைப்பூசம் வருவதற்குள் அதை மறந்துவிடுவோர் நம்மிடையே பலர் உண்டு. மன உறுதி போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். ஆனால், ஒரு நல்ல பழக்கம் நிலைத்து நிற்க மன உறுதி மட்டும் போதுமா? ஜப்பானியரின் வானொலி உடற்பயிற்சி வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

இதற்கு வித்திட்ட நாடு அமெரிக்கா. 1925 ஆம் ஆண்டில் மெட்ரோபாலிட்டன் என்னும் ஆயுள் காப்புறுதி நிறுவனம், நியூயார்க்கிலிருந்து காலை வேளையில் வானொலி வழியே உடற்பயிற்சி கற்பிக்கத் தொடங்கியது. மக்கள் நெடுநாள் வாழ்ந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஆதாயம் அல்லவா? ஜப்பானிய அஞ்சல் துறையும் 1916 முதல் எளிய மக்களுக்காக, மருத்துவப் பரிசோதனை இல்லாத ஆயுள் காப்புறுதித் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. ஆகவே, அமெரிக்கரின் முயற்சி அதன் கருத்தைக் கவர்ந்தது. பேரரசர் ஹிரோஹித்தோவின் முடிசூட்டு விழாவையொட்டி, 1928 நவம்பர் 1 ஆம் நாள் காலை 7 மணிக்குத் தோக்கியோவில் இப்பயிற்சி முதன்முதலாக ஒலிபரப்பாயிற்று.

இதற்குக் கருவி வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. வானொலியில் இசை எழுந்ததும் கைகால்களை அசைக்க வேண்டியதுதான். 1930 ஆம் ஆண்டுக் கோடையில் தோக்கியோவின் கண்டா வட்டாரத்துச் சிறுவர்கள் காலையில் ஒன்றுகூடிப் பயிற்சி செய்தனர். இவ்வழக்கம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. வந்த பிள்ளைகளின் அட்டையில் நாள்தோறும் ஒரு முத்திரை குத்தும் முறையும் ஏற்பட்டது. ஒரு நாள் தவறினால் அட்டையில் ஒரு கட்டம் வெறுமையாகிவிடும். அந்த ஒரு கட்டத்துக்காகவே தூக்கத்தை உதறிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் உண்டு.

ஆனால் போர்க்காலத்தில் இதே பயிற்சி ஆட்சியாளரின் கட்டளையாக மாறியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் 'தாய்சோ' என்ற பெயரில் அதைச் செய்ய நேர்ந்தது. நம் மூத்த தலைமுறையினர் பலர் அச்சொல்லை மறக்கவில்லை. 1945 இல் ஜப்பானியர் ஆட்சி அகன்றது. கட்டாயத் தாய்சோவும் அதனோடு அகன்றது. அச்சத்தால் செய்த பயிற்சி, அச்சம் நீங்கியதும் நின்றுபோனதில் வியப்பில்லை.

ஜப்பானில் நடந்தது வேறு. போருக்குப் பின் நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படையினர், கூட்டமாகச் செய்யும் இப்பயிற்சியை இராணுவ மனப்பான்மையின் எச்சமாக ஐயுற்றனர். 1947 இல் ஒலிபரப்பு நின்றது. எனினும், 1951 மே மாதத்தில் புதிய இசையோடும் புதிய அசைவுகளோடும் அது மீண்டும் தொடங்கியது. இம்முறை கட்டளையிட எவரும் இல்லை; ஆயினும் மக்கள் வந்தனர். இன்றும் காலை 6.30 மணிக்கு அது ஒலிக்கிறது. முதற் பயிற்சியில் உள்ளவை 13 அசைவுகளே; அதற்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். பூங்காக்களில் முதியோர் பலர் நாள்தோறும் கூடி அதைச் செய்கின்றனர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நேரம் மாறாதிருக்க வேண்டும். அளவு சிறிதாக இருக்க வேண்டும். உடன் வருவோர் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நாமே விரும்பி வர வேண்டும். இவை அமைந்துவிட்டால், மனம் சோர்ந்த நாளிலும் கால்கள் தாமாக வெளியே நடக்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே, நாளை முதல் ஒரு மணி நேரம் ஓடுவதென்று நாம் சூளுரைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் பத்து நிமிடம் நடப்போம். மறுநாள் அவர் நமக்காகக் காத்திருப்பார்; நாமும் போவோம்.